அப்பாவின் ஆம்னியும் என் டிப்ளமாவும்

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "அப்படி என்னதான்டா சொல்லிக் குடுக்கறாங்க?" என்று அப்பா அடிக்கடி கேட்பார்.

அப்பாவுக்கு இட்லி மாவு வியாபாரம். திருமுல்லைவாயலில் இருந்து ஆவடி, அம்பத்தூர் கடைகளுக்குப் போடுகிறார். வண்டி 2009 மாடல் மாருதி ஆம்னி. போன மழைக்காலத்தில் அது 'டப டப'வென்று கத்த ஆரம்பித்தது. சத்தம்கூடப் பரவாயில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டிய நாளெல்லாம் அப்பாவுக்குத் தலைவலி. "அலைச்சல்டா" என்பார். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய நாளிலும் அதே அலைச்சல்தானே? அன்றைக்கு ஏன் வலிக்கவில்லை?

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆம்னிக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். புகைக்குழாய் ஒழுகினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

மெக்கானிக் அண்ணன், "முழு செட்டையும் மாத்தணும்" என்றார். அது அப்பாவின் ஒரு மாத லாபம். "நாமளே பாக்கலாம்பா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் வேலையை ஆரம்பித்தோம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தோம். ஸ்டார்ட் செய்து, பின்குழாயைத் துணியால் லேசாக அடைத்தால் ஒழுகும் இடம் 'புஸ்'ஸென்று காட்டிக்கொடுக்கும். முன்குழாய் இணைப்பில் கரி படிந்திருந்தது. கேஸ்கட் போயிருந்தது, பக்கத்திலேயே துரு தின்ற ஓட்டை.

இந்தத் துரு எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகப் போய்விடும். கடைக்குக் கடை நின்று போகும் வண்டியில் குழாய் சரியாகச் சூடாவதில்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி அரித்துவிடுகிறது. நான் கணக்குப் போட்டுக் காட்டியபோது அப்பா பேப்பரை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

நட்டு அசையவில்லை. என் கணக்கு அங்கே செல்லவில்லை. "எண்ணெய் விட்டு ராத்திரி ஊற வை. காலையில முதல்ல இறுக்கு, அப்புறம் தளர்த்து" என்றார் அப்பா. மறுநாள் கழன்றது! வண்டியிலேயே வெல்டிங் வைத்தால் பெட்ரோல் டேங்க் ஆபத்து. அதனால் குழாயைக் கழற்றி அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பட்டறையில் அடைத்துக்கொண்டு வந்தோம். புது கேஸ்கட்டோடு பூட்டினோம். சத்தம் போயிற்று; அப்பாவின் தலைவலியும் போயிற்று.

சிலர் செலவுக்குப் பயந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டரை அறுத்து எறிகிறார்கள். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. இந்த நச்சுக் காற்றைக் குறைப்பதே அதன் வேலை. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்!

தோழர்களே, அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டு வண்டிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள். பக்கத்தில் அப்பாவையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத பாதி அவரிடம் இருக்கிறது.