ஹாங்காங்கில் ஒரு சொட்டு

ஹாங்காங் விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுதளத்துக்காக 2016-ல் கடலைத் தூர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு சிக்கல். ஷா சாவ் தீவிலிருந்து எரிபொருள் வரும் குழாய்கள் அதே இடத்தில் புதைந்து கிடந்தன. தோண்டலாமென்றால் பக்கத்திலேயே வெள்ளை டால்பின் சரணாலயம்! கடைசியில் கடலடிப் பாறையைக் குடைந்து, 5 கிலோமீட்டருக்கு மேல் புதுக் குழாய் விட்டார்கள்.

எரிபொருள் ஆலோசகனாகப் போன எனக்கு முதல் வேலை என்ன தெரியுமோ? கண்ணாடி ஜாடியில் எண்ணெயைப் பிடித்து (நம்ம மண்ணெண்ணெயின் சுத்தமான அண்ணன்தான்) தண்ணீர் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது!

"இதுக்கா ப்ளேன் ஏறிப் போனீங்க?" என்றாள் மனைவி, போனில்.

சிரிக்காதீர்கள். 2008-ல் பெய்ஜிங்கிலிருந்து போன 777, தரமான எரிபொருளில் இருந்த துளி ஈரம் பனிக்கட்டியாகி அடைத்ததால், லண்டனில் ஓடுதளத்துக்கு முன்னாலேயே புல்லில் விழுந்தது. நல்லவேளை, 152 பேரும் பிழைத்தார்கள்.

திரும்பும்போது ஜன்னலோர சீட். சாப்பாடு இறங்கவில்லை. இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.