தனியே ஏறினேன் சிவனொளிபாதமலை!

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரவில்தான் ஏறுவார்கள். நடுச்சாமத்தில் நல்லதண்ணியிலிருந்து கிளம்பினால் சூரியன் உதிக்கும்போது உச்சியில் நிற்கலாம், வெயிலும் தெரியாது. சீசன் காலத்தில் வழி நெடுக விளக்கு, தேநீர்க் கடை, முன்னும் பின்னும் ஆட்கள். நான் போனது 2024 பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், ஒற்றை ஆளாய். வயது நாற்பத்தாறு. கூட வந்தது ஒரு துணிப்பையும் தண்ணீர்ப் போத்தலும்தான்.

"ஏன் இந்த விபரீதம்?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே ஊரில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பதிலைச் சொல்ல 2011க்குப் போக வேண்டும். அப்போது குடும்பத்தோடு இதே மலைக்குப் போனோம். குடும்பத்தோடு போவது என்றால் என்னவென்று உங்களுக்கா சொல்ல வேண்டும்! இடுப்பில் மூன்று வயது மகள். தோள்பையில் பிஸ்கட், பால்மா, மாற்று உடுப்பு, மாமியாருக்கு மாத்திரை, இவருக்கு மஃப்ளர். இவர் விறுவிறுவென்று ஏறிவிடுவார், நான் ஓடிப் பிடிப்பேன். மாமி பின்னால் நின்றுவிடுவார், நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். மற்றவர்கள் ஒரு மலை ஏறினார்கள் என்றால் நான் ஒன்றரை மலை ஏறினேன். உச்சியில் "அதோ, அதோ!" என்று எல்லாரும் கூவியபோது நான் மகளுக்கு ஈரச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் சூரியன் ஒரு முழம் மேலே வந்துவிட்டது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்காரி அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் என் மூச்சுக்கு எந்த வேகம் சரி என்பது எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் போய்விட்டது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நினைக்க வைத்தது கிளினிக் கொப்பி. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி 118. நூறுக்குள் இருக்க வேண்டும். 126ஐத் தொட்டால் வியாதி என்று பெயர் வைத்துவிடுவார்கள். "இப்பவே நடங்க" என்றார் மிஸ்ஸி. வீட்டு வேலை செய்கிறேனே, அது நடை இல்லையா என்று கேட்டேன். "அடுப்படிக்கும் குழாயடிக்கும் நடக்கிறதுல மூச்சு வாங்காது, மூச்சு வாங்கணும்" என்றார். அன்றைக்குத்தான் மலை ஞாபகம் வந்தது.

உயரம் 2243 மீட்டர், அதாவது 7359 அடி. நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து சுமார் 5500 படிகள் என்கிறார்கள். எண்ணியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், நான் எண்ணவில்லை. உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சிவனுடையது என்று நாம் கும்பிடுகிறோம், சிங்கள மக்கள் புத்தருடையது என்று வணங்குகிறார்கள், முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. 1344இல் இபன் பதூதா என்ற மொரோக்கோ யாத்திரிகர் வந்து, பாறையில் கட்டிய இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை எழுதியிருக்கிறார். நமக்கு இன்று படியும் கைப்பிடிக் கம்பியும் இருக்கின்றன.

சொன்னவுடன் போய்விடவில்லை. மூன்று மாதம் தினமும் விடியற்காலையில் ஹட்டனில் எங்கள் வீட்டுக்கு மேலுள்ள ஏற்றத்தில் முக்கால் மணி நேரம் நடந்தேன். முதல் வாரம் பாதியில் நின்றேன், எட்டாவது வாரம் நிற்காமல் ஏறினேன். பிரஷர், இருதயம் எல்லாம் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். உங்களில் யாராவது கிளம்புவதாக இருந்தால் இந்த இரண்டையும் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

இவருக்கு முழங்கால் தேய்மானம், வர முடியாது. "வழியில உக்காந்துட்டா யாரு தூக்கிட்டு வர்றது?" என்றார். கோபமில்லை, பயம்தான். ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். கடை கண்ட இடமெல்லாம் போன் பண்ணுவேன். பகல் பன்னிரண்டரைக்கு எங்கே நிற்கிறேனோ, உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் சரி, அங்கிருந்தே திரும்பிவிடுவேன். பின்னேரத்தில் மூட்டமும் மழையும் வந்துவிடும் மலை அது.

முதல் நாள் மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் அம்மா வீட்டில் தங்கினேன். அம்மா முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவர். லயத்து வாசலில் நின்றால் மலை தெரியும். அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. கேட்டால், "நா எதுக்கு அங்க போவணும்? அதுதான் தெனமும் இங்க வந்து நிக்குதே!" என்பார்.

காலை ஆறரைக்கு நல்லதண்ணியில் நடக்கத் தொடங்கினேன். மகர தோரணம் தாண்டி, சீதகங்குல ஓடையில் முகம் கழுவி, ஜப்பானியர் கட்டிய வெள்ளைச் சமாதான கோபுரம் வரைக்கும் சுகமான நடை. இரவில் ஏறியவர்கள் எல்லாரும் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி எதிரே ஏறினேன். ஒரு வயதான சிங்கள அம்மா என்னை நிறுத்தி, "தனியமத துவே?" என்றார். 'தனியாகவா மகளே' என்று அர்த்தம். ஆமாம் என்றேன். கையைப் பிடித்து, "கருணாவயி" என்று சொல்லி, கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். சீனி 118 என்று அவரிடம் சொல்ல முடியுமா? பாதியைக் கடித்தேன், பாதியை முந்தானையில் முடிந்தேன்.

இந்திகட்டுபான என்ற இடத்தில் வழியோரமெல்லாம் வெள்ளை நூல். புத்தர் கிழிந்த அங்கியைத் தைத்த இடமாம், முதன்முதல் வருகிறவர்கள் ஊசியும் நூலும் காணிக்கை போடுகிறார்கள். தையல் தெரிந்த பெண்கள் யாரும் அங்கே சிரிக்காமல் போக முடியாது. எங்கே போனாலும் கிழிசல் நம்மை விடுகிறதா!

எட்டு மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிட்டது. அதன் பிறகுதான் எனக்கு மலை தெரிந்தது. சத்தமெல்லாம் அடங்கி, தண்ணீர் எங்கோ விழுகிற ஓசையும் என் மூச்சும் மட்டும். தனிமை முதலில் இனிக்கவில்லை, அதை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு படியில் கால் அலுத்தது. உட்காரலாமா என்று கேட்கத் திரும்பினேன். யாரிடம் கேட்பது? உட்கார வேண்டும் என்றால் உட்கார வேண்டியதுதான்! இருபத்துநாலு வருஷம் 'சாப்பிடலாமா, கிளம்பலாமா, நிறுத்தலாமா' என்று இன்னொருவர் முகம் பார்த்தே பழகிய உடம்பு, உத்தரவில்லாமல் உட்காரக் கூசியது. உட்கார்ந்தேன். உப்புப் போட்டு அவித்த கடலையை ஒவ்வொன்றாகத் தின்றேன். எழுந்திருக்கத் தோன்றியபோது எழுந்தேன். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு பயம் குறைந்துவிட்டது.

நடைக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டேன். வாய்க்குள் நாலு வார்த்தை பேசிப் பார்ப்பேன். பேச முடிந்தால் வேகம் சரி, வார்த்தை முறிந்தால் நிற்க வேண்டும். ஐம்பது படிக்கு ஒரு மூச்சு. மகாகிரிதம்ப என்கிற கடைசி ஏற்றத்தில் இருபது படிக்கு ஒன்றாகிவிட்டது. படிகள் ஒன்றுபோல் இல்லை, சிலது முழங்கால் உயரம். கம்பியைப் பிடித்து, சேலையைத் தூக்கிச் செருகி (உள்ளே கணுக்கால் வரை காற்சட்டை போட்டிருந்தேன், நீங்களும் அப்படியே போங்கள்), ஒவ்வொரு காலாக வைத்தேன். பதினொன்றரைக்கு மூட்டம் வந்து மேலே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம்தான் கெடு. மேலே எவ்வளவு மிச்சமோ! திரும்பிவிட்டால்தான் என்ன, யாருக்கு நஷ்டம் என்றுகூட நினைத்தேன். இன்னும் இருபது படி பார்ப்போம், இன்னும் இருபது படி என்று போய், மணி 11.55க்குச் சப்பாத்தைக் கழற்றும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

உச்சியில் மொத்தம் பத்துப் பேர் இருப்போம். பாதத்தைக் கும்பிட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, மூட்டம் விலகியது. கீழே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் உடைந்த கண்ணாடித் துண்டுகள்போலக் கிடந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது. நீர் வற்றும் வருஷங்களில் பழைய கோயில் வெளியே தெரியும். அம்மாவின் லயம் எந்தப் பக்கம் என்று தேடினேன், பச்சைக்குள் பச்சையாய்ப் போயிருந்தது. எத்தனை தரம் மலை ஏறினோமோ அத்தனை தரம் அங்குள்ள மணியை அடிக்க வேண்டும். 2011இல் மகளைத் தூக்கிக்கொண்டு அடிக்காமலே இறங்கிவிட்டேன். இப்போது ஒன்றா, இரண்டா? இரண்டு அடித்தேன். அந்த ஒன்றரை மலையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை!

இறங்குவது லேசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறும்போது மூச்சுக்கு வேலை, இறங்கும்போது தொடைக்கும் முழங்காலுக்கும். உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை இழுத்துப் பிடித்து இறக்குகிறது, அதனால் வலி அன்றைக்கு வராமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வரும். கைத்தடி ஒன்று கட்டாயம் வேண்டும். பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினால் முழங்கால் தாங்கும். வழியிலுள்ள கழிப்பறைகளை நம்பிச் சோப்பும் துணியும் இல்லாமல் போகாதீர்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலும் இருக்காதீர்கள், தலைசுற்றல் அதனால்தான் வருகிறது.

மாலை நாலரைக்குக் கீழே வந்து போன் பண்ணினேன். "சோறு நானே ஆக்கிட்டேன்" என்றார் இவர். மலை ஏறினதால் சீனி இறங்கியது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அடுத்த பரிசோதனையில் 109. அது மூன்று மாத விடியற்கால நடையின் சம்பாத்தியம், ஒரு நாள் மலையினுடையது அல்ல.

அன்றிரவு அம்மா என் கெண்டைக்காலில் எண்ணெய் போட்டு உருவினார். பாதம் எப்படி இருந்தது, கூட்டமா என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. "மேல ஒரு பிளேன்டீ என்ன வெல?" என்றார். சொன்னேன். உருவிய கை நின்றது.

"ஒரு பிளேன்டீக்கா!" என்றார். பிறகு மற்றக் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.