சூடு தாங்கும் நிறம்

வாப்பா, மருதமுனைச் சாரன்களை ஹொண்டா 90 மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் விற்றவர். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. உம்மாவைக் கொண்டுபோனது. மோட்டார் சைக்கிளை மட்டும் மண்ணில் புதைத்துவிட்டுப் போயிருந்தது.

கராஜ்காரக் காக்கா எஞ்சினைக் கழற்றி, உப்புத்தண்ணீரை வடித்துக் கழுவி, ஒருவாறு ஓட வைத்தார். ஆனாலும் சைலன்சரில் கறள் ஏறிவிட்டது. அலுமினியப் பகுதிகளில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.

வாப்பாவைச் சந்தோசப்படுத்தலாமென்று நான் ஒரு சாதாரண வெள்ளிநிற ஸ்பிரே டின் வாங்கி, கறளின் மேலேயே அடித்துவிட்டேன். கல்முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெயிண்ட் கொப்புளித்து, கருகி, நாறியது. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் எதுவுமே பெரிதாகப் பேசுவதில்லை.

"தம்பி, சாதாரண பெயிண்ட் இந்தச் சூட்டுக்கு நிக்காது. சிலிக்கோன் ரெசின் கலந்தது வேணும். அதையும் கறளுக்கு மேல அடிக்க ஏலாது" என்றார் காக்கா.

பஞ்சிகாவத்தைக்குப் போன ஒருவரிடம் சொல்லி, 600 பாகை செல்சியஸ் வரை தாங்கும் கறுப்பு டின் ஒன்றை எடுப்பித்தேன். வயர் பிரஷ்ஷாலும் சேண்ட் பேப்பராலும் இரும்பு தெரியுமட்டும் தேய்த்தேன். தின்னரால் துடைத்த பின் விரல்கூடப் படவிடவில்லை. விரலின் எண்ணெய்ப் பசையே போதுமாம், பெயிண்ட் உரிந்துவிட. பிளக் துவாரத்தையும் ஆணிப் புரிகளையும் டேப்பால் மூடினேன். திறந்த வெளியில் வைத்து மெல்லிய பூச்சாக மூன்று தடவை அடித்தேன். சிலிண்டரின் குளிர்ச்சித் தகடுகளுக்கு இன்னும் மெல்லிதாக. அங்கே தடித்துவிட்டால் சூடு வெளியேறாது.

காய்ந்துவிட்டதென்று நினைத்தேன். "இன்னும் இல்ல. இந்த பெயிண்ட் சூட்டிலதான் இறுகும். பத்து நிமிசம் ஓடவிடு, ஆறவிடு. பிறகு இருபது நிமிசம், ஆறவிடு. பிறகு அரை மணித்தியாலம். அவசரப்பட்டாக் கொப்புளிக்கும்" என்றார் காக்கா.

அஸருக்குப் பிறகு கொட்டிலின் முன்னால் எஞ்சினை ஓடவிட்டேன். இலேசாகப் புகைந்தது. அணைத்தேன். ஆறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. வாப்பா வந்து பக்கத்தில் குந்தினார். முதலாம் தடவை ஆறியபோது பேசவில்லை. இரண்டாம் தடவை, சைலன்சரைப் பார்த்தபடி சொன்னார்:

"கலியாணம் முடிச்ச புதுசில உம்மா தெரியாம இந்தப் பக்கத்தால இறங்கிட்டா. கெண்டைக்கால்ல சுட்டிட்டு. அந்தத் தழும்பு கடைசிவரைக்கும் போகல்ல."

நான் தலையாட்டினேன். சின்ன வயதில் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

"அண்டைக்கு ஜனாஸாக்களுக்குள்ள முகத்தை வெச்சு ஆரையும் மட்டுக்கட்ட ஏலாமக் கிடந்திச்சு மகன். அந்தத் தழும்பாலதான் நான் உம்மாவக் கண்டுபிடிச்சன்."

அதுவரை அதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டதில்லை. மஃரிபுக்கு பாங்கு சொன்னது. மூன்றாம் தடவை ஓடவிட வேண்டியிருந்தது. வாப்பாதான் எழுந்து கிக்கரை மிதித்தார்.

வாப்பா இன்றில்லை. மோட்டார் சைக்கிள் என்னிடம் இருக்கிறது. கடற்காற்றில் கறள் மீண்டும் தலைகாட்டும்போதெல்லாம் தேய்த்து, துடைத்து, கறுப்புப் பூசுகிறேன். ஆறுவதற்கான நேரத்தில் என் மகனைப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறேன். அவன் கேள்வி கேட்பான். நான் பதில் சொல்லுவேன்.