தள்ள முடியாத வண்டி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு, உலகத்தில் மனிதர்களைவிட மோட்டார் வண்டிகள்தான் அதிகமோ என்ற சந்தேகம் உண்டாகிவிடும். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய்க் கார் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் கார் வந்தது. 2012-இல் பாரத்பென்ஸ் லாரி. மறு வருஷம் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். இப்படிப்பட்ட இடத்தில் உபாத்தியாயராக இருந்துகொண்டு நாம் இன்றுவரை சொந்தமாக ஒரு கார் வாங்கவில்லை. காரணம் சம்பளம் மட்டுமல்ல; நம் பெரியப்பாவும்தான்.

பெரியப்பாவிடம் ஒரு கார் இருந்தது. 'ஓடியது' என்று சொன்னால் மிகைப்படுத்தியதாகும். கல்யாணத்துக்குக் காஞ்சீபுரம் புறப்படும்போது, யார் யாருக்குத் தள்ளுவதற்குத் தெம்பு இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் பெரியம்மா ஆட்களை ஏற்றுவாள். பெரியப்பா எந்த ஊருக்குப் போனாலும் வண்டியைச் சரிவான இடத்தில்தான் நிறுத்துவார். கல்யாண வீட்டு வாசல் மேடாக இருந்தால், நல்ல சரிவைத் தேடி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

ஆனாலும் அந்த வண்டியிடம் ஒரு நேர்மை இருந்தது. நிற்கப் போவதை முன்கூட்டியே இருமித் தெரிவிக்கும். அப்புறம் புகை வரும், நாற்றம் வரும். பெரியப்பா மூடியைத் திறந்து, ஏதோ ஒரு குழாயை வாயில் வைத்து ஊதி, பெட்ரோலைத் துப்பிவிட்டு, "தூசி அடைத்திருந்தது" என்பார். வண்டியும் ஒப்புக்கொண்டு கிளம்பும். கிளம்பாவிட்டால் தள்ளுவோம்.

கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் நின்று தள்ளுவது?

நம் வகுப்பில் ஒரு பெண். தகப்பனார் ஒப்பந்தக் கூலியாக லாரியில் சரக்கேற்றுகிறவர். அவளுக்கு ஓர் உதவித் தொகை கிடைக்க வேண்டும்; கிடைத்தால்தான் மேலே படிப்பு. விண்ணப்பத்தை இணையதளத்தில்தான் ஏற்ற வேண்டும். அன்று கடைசி நாள். அதில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனாரின் முதலெழுத்தோடு காலத்தை ஓட்டுகிற ஜனங்கள் நாம். கட்டத்தைக் காலியாக விட்டோம், நிரப்பச் சொல்லிற்று. முதலெழுத்தை இட்டோம், ஓர் எழுத்து போதாது என்றது. தகப்பனாரின் பெயரையே எழுதினோம். ஆதார் விவரத்தோடு பொருந்தவில்லை என்றது. பிறகு திரையில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சக்கரம் சுற்றினால் வண்டி நகர வேண்டும் என்பது நாம் அறிந்த சாஸ்திரம். இங்கே அரை மணி நேரம் சுற்றியும் அங்குலம் நகரவில்லை. கடைசியில், 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும்' என்று ஒரு வாக்கியம் தோன்றிற்று. இருமல் இல்லை, புகை இல்லை. ஏதோ தவறாம்! இதற்கு மென்பொருள் என்று பெயர் வைத்தவரின் மென்மையான உள்ளத்தை வியக்கிறோம்.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "எந்தப் பொத்தானை ஸார் அழுத்தினீர்கள்?" என்று கேட்டார். கார் நின்றபோது பெரியப்பாவை யாரும் இப்படிக் குற்றவாளியாக்கியதில்லை. அதைவிட மோசம், வாசற்படியில் பாங்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண், "நான் ஏதாவது தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டேனா, ஸார்?" என்றதுதான்.

நாம் மட்டும் இந்தப் பாடு படவில்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய பழுதான புதுப்பித்தல் ஒன்றால் உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிப் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிறுத்தி நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்க்கும்படி மைக்ரோஸாப்ட் கம்பெனியே சில வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிற்று. பதினைந்து தடவை வரை தேவைப்படலாமாம். பெரியப்பா முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுழற்றியதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான்!

ஒரகடத்தில் ஒரு மோட்டார் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பொம்மை மனிதர்களை உட்கார வைத்து வண்டியை மோதவிட்டுப் பரீட்சை செய்ய அங்கே வசதி உண்டு. கம்ப்யூட்டர் விஷயத்தில் பொம்மைகளுக்குப் பதில் உபாத்தியாயர்களை உட்கார வைத்துவிடுகிறார்கள். காரில் அபாயமான குற்றம் தெரிந்தால், செய்தவர்கள் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டும். அப்படி உத்தரவிடும் அதிகாரத்தை 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சர்க்காருக்குக் கொடுத்திருக்கிறது. மென்பொருள்காரரோ, 'உள்ளது உள்ளபடியே தருகிறோம், நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று நாற்பது பக்கம் எழுதி, அடியில் 'சம்மதம்' என்று ஒரு பொத்தானையும் வைத்துவிடுகிறார். நாற்பது பக்கத்தையும் படித்த மகானுபாவர் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. நாமும் அழுத்தியவர்தான்.

இரவு பத்தரை மணிக்கு, கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன் வந்து சேர்ந்தான். "அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், ஸார்" என்றான். வைத்தோம். ஏற்றுக்கொண்டது! ஏன் என்று கேட்டோம். அவனுக்கும் தெரியவில்லை. சில மாதங்களில் பணமும் வந்தது. அந்தப் பெண்ணின் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் அந்தப் புள்ளி இன்றும் இருக்கிறது.

அன்றிரவு நம்மை வீட்டில் கொண்டுவிடுவதாகச் சொல்லி மாணவன் தன் புதுக் காரில் ஏற்றிக்கொண்டான். பொத்தானை அழுத்தியதும் வண்டிக்குள்ளே ஒரு திரை பளிச்சென்று எரிந்தது. அதில் ஒரு சக்கரம் சுற்றிற்று. பிறகு, 'புதிய மென்பொருள் காத்திருக்கிறது. சம்மதமா?' என்று கேட்டது.

நாம் மெதுவாகக் கண்ணாடியை இறக்கி, சாலை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்தோம்.