சங்க மேடையும் வட்டைப் பேச்சும்

1942 இல் கொழும்பில் தோன்றி, 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது இலங்கைப் பல்கலைக்கழகம். அதன் தமிழ்ச் சங்கம் விவாதத்தோடு நில்லாது ‘இளங்கதிர்’ என்னும் ஏட்டையும் வளர்த்தது. 1945 இன் இலவசக் கல்வி இல்லையேல், இறக்காமத்துக் குளத்தடி உழவர் மக்களாகிய நாம் அவ்வாசலை மிதித்திருக்கமாட்டோம்.

நெற்காணிக்கு 25 ஏக்கர் உச்சம் விதித்த 1972 நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பற்றி நாம் அங்கே முழங்கினோம். ஆனால் ‘வட்டை’, ‘போடியார்’ என்னும் ஊர்ச்சொற்களை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டோம், வெட்கந்தான், வேறென்ன? கைதட்டல் கிடைத்தது. உம்மா கேட்டிருந்தால் ஒன்றும் விளங்கியிராது.

இப்போது ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விவாதத்துக்குப் போகும் பேத்தி, குத்தகை நெல்லைப் பற்றி எந்தச் சொல்லிற் பேசுவது என்று கேட்டாள். வட்டைக்குப் போய் வயற்காரரைக் கேட்டு வா என்றோம். போயிருக்கிறாள்.