அக்காவின் பத்துக் காசு

காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, கையில் நீண்ட தடியுடன், பொதுப் பூங்காவில் தலை குனிந்தபடி நடக்கும் ஒரு வயதானவனைக் கண்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எங்கள் ஊரில் சிலர் நான் புல் வெட்ட வந்தவன் என்று எண்ணினார்கள். சீனப் பெரியவர் ஒருவர், "நாலு நம்பர் தேடுகிறாயா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் தேடியது ஒரு பழைய வெள்ளிக்காசு.

அந்தப் பூங்கா முன்பு எங்கள் தோட்டத்துத் திடல். லயங்கள் போய், இன்று சுற்றிலும் வரிசை வீடுகள். பழைய அடையாளமாக மூலையிலே அரசமரம் ஒன்றுதான் மிச்சம். 1953ஆம் ஆண்டு, அந்த மரத்தடியில் விளையாடும்போதுதான் என் அக்கா தன் பத்துக் காசைத் தொலைத்தார். அப்போது அவருக்கு ஏழு வயது. நான் பிறக்கவே இல்லை.

அது செலவுக்கு வைத்திருந்த காசு அல்ல. தூக்கத்தில் பயந்து அலறாமல் இருக்கட்டும் என்று பாட்டி துளையிட்டுக் கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்ட வெள்ளிக்காசு. தொலைத்துவிட்டு வந்த அன்று அம்மா விறகுக் கட்டையால் அடித்தாராம். எண்பதை நெருங்கும் அக்கா, இன்றும் பேச்சுவாக்கில் முழங்கையைத் தடவிக்கொண்டு அதைச் சொல்வார்.

பத்துக் காசுக்கு இத்தனை அடியா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். ஜப்பான்காரன் காலத்தைக் கண்டவர்களுக்குக் காரணம் தெரியும். அவன் அடித்த வாழைமர நோட்டுகள் 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. பெட்டி நிறைய நோட்டு வைத்திருந்தவர்களும் கையை விரித்தார்கள். வெள்ளிக்காசை ஒளித்து வைத்திருந்தவர்களுக்கோ அதன் மதிப்பு போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பாட்டி வெள்ளியைக் கை நழுவ விட்டதே இல்லையாம்.

பழைய நீரிணைக் குடியேற்றக் காசுகளில் வெள்ளி ஒரே அளவாக இருந்ததில்லை. விக்டோரியா ராணி காலத்துப் பத்துக் காசில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்துக் காசில் 60 பங்கு. 1918 முதல் 1920 வரை வெறும் 40தான். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த மலாயாக் காசில், 1943, 1945ஆம் ஆண்டுகளில் பாதிக்குப் பாதி. 1948 முதல் பத்துக் காசில் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும்தான். ஆனாலும் நாம் இன்றுவரை ரிங்கிட்டை "வெள்ளி" என்றே சொல்கிறோம். பொருள் போனாலும் பெயர் நம் வாயை விட்டுப் போகவில்லை!

கருவி, அக்காவின் பேரன் வாங்கியது. தடியின் முனையில் வட்டமான கம்பிச் சுருள். அது மண்ணுக்குள் காந்த அலையை அனுப்பும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் எழுந்து, பதில் அலை திரும்பி வரும். இரும்பென்றால் தாழ்ந்த முனகல். வெள்ளி, செம்பு என்றால் மணி அடித்தாற்போல் உயர்ந்த ஒலி. அலுமினியம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? பூங்காவில் கால் வைத்த பிறகுதான் வினை புரிந்தது. பத்தடிக்குள் இருபது சத்தம்! போத்தல் மூடி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், லயம் இடித்தபோது சிதறிய ஆணி, பால் டின் தகரம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாளில் குளிர்பான டின்னிலிருந்து பிய்த்து எறிந்த வளையங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வளையம் மட்டும் ஒரு மைலோ டின் நிறையச் சேர்ந்தது.

"சின்ன தாத்தா, குப்பைச் சத்தமே கேட்காமல் அடைத்துவிடலாம். இந்தப் பொத்தானை அமுக்குங்கள்" என்றான் பேரன். அமுக்கினேன். உலகமே அமைதியானது. காசும்தான் கிடைக்கவில்லை. ஆணியும் காசும் அருகருகே கிடந்தால், கருவிக்குக் கலந்த குரல்தான் கேட்குமாம். ஆணியின் வாயை அடைத்தால், பக்கத்தில் கிடக்கும் காசும் ஊமையாகிவிடும். ஆகவே அடைப்பை எடுத்துவிட்டேன். சிறிய சுருளை மாட்டி, சாணம் மெழுகுவது போல மெதுவாகத் தடியை வீசிக் குப்பையைக் குப்பையாகவே பொறுக்க ஆரம்பித்தேன்.

ஆசைப்படும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இடத்துக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். நான் முதலில் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன். புல்லை மூன்று பக்கம் கீறி மூடி போலத் தூக்குங்கள்; வேலை முடிந்ததும் திரும்ப வைத்து மிதித்துவிடுங்கள். வெடிகுண்டு போல ஏதாவது தென்பட்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். பாரம்பரிய மதிப்புள்ள பொருள் என்று தோன்றினால், 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவிப்பது நம் கடமை.

நான்காவது ஞாயிறு, அரசமரத்து வேருக்குப் பக்கத்தில் இரும்பு முனகலுக்கு நடுவே ஒரு மணிச்சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நாலு விரல் ஆழத்தில் வளைந்த ஆணி ஒன்று. அதன் அடியில் சின்ன வட்டம். கருத்திருந்தாலும் எழுத்துத் தெரிந்தது: நடுவில் பெரிய 10, ஓரத்தில் 1926. என் கை நடுங்கியது. தேய்க்கக் கூடாது என்று பேரன் சொல்லியிருந்தான். தண்ணீரில் மட்டும் அலசி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது என்னுது இல்லடா தம்பி. என்னுதுல ராசா தலைக்கு மேல ஓட்டை. இதுல பாரு, வளையம் வச்சுப் பத்த வச்சிருக்காங்க."

எனக்கு முகம் வாடிவிட்டது. அக்கா வாடவில்லை. அந்தச் சின்ன வளையத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்படின்னா இன்னொரு பிள்ளையும் அடி வாங்கியிருக்கு" என்றார். "அம்மாவுக்கு என் மேல மட்டும்தான் கோபம்னு நெனச்சிருந்தேன். எல்லா வீட்டுலயும் அதே பயந்தான் போலிருக்கு."

எழுபது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் கிடந்ததை அவர் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று அம்மாவைப் பற்றி வேறு கதைகளும் சொன்னார். அவற்றில் ஒன்றில்கூட விறகுக் கட்டை இல்லை.

அந்தக் காசு இப்போது அக்கா வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது. யாருடையது என்று தெரியவந்தால் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. அதே தோட்டத்திலிருந்து போன நாலைந்து குடும்பங்களிடம் விசாரித்தும் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு நான் புறப்பட்டபோது, வாசலில் அக்கா மடக்கு நாற்காலியுடன் நின்றார்.

"மரத்துக்குக் கெழக்காலதான் பல்லாங்குழி ஆடுவோம். நீ மேற்கே தேடியிருக்கே. வா, நான் காட்டுறேன்."