சதுப்பின் மேல் 24 வளைவுகள்

லீட்ஸில் படித்த காலத்தில் விடுமுறை வந்தால் கார்லைல் வண்டியில் ஏறிவிடுவேன். ரிபிள்ஹெட்டில் இறங்கினால் முதலில் காற்றுதான் ஆளைத் தள்ளும். சுற்றிலும் புல்வெளி, ஆடுகள், பின்னால் வெர்ன்சைட் மலை. நடுவே பாட்டி மாஸ் என்ற சதுப்பைத் தாண்டி நிற்கிறது ஒரு ரயில் பாலம்: 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம்.

மிட்லண்ட் ரயில்வேக்காக ஜான் சிட்னி கிராஸ்லி வடிவமைத்தது. 1870-இல் தொடங்கிய வேலை 1874-இல் முடிந்தது. தூண்கள் சுண்ணாம்புக்கல், வளைவுகளின் உட்புறம் செங்கல். ஒவ்வொரு ஆறாவது தூணையும் மற்றவற்றைவிடத் தடிப்பாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு தூண் சாய்ந்தால் ஆறு வளைவுகளோடு இடிபாடு நிற்கவேண்டும், பாலம் முழுதும் சரியக்கூடாது என்ற முன்யோசனை அது. தெரிந்துகொண்ட பிறகு, ஒவ்வொரு முறையும் அந்தத் தடித்த தூண்களைத்தான் என் கண் தேடும்.

கட்டியவர்கள் அந்தச் சதுப்பிலேயே குடிசை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் பலர் மாண்டார்கள். பக்கத்து சேப்பல் லி டேல் தேவாலயத்தின் இடுகாட்டை விரிவாக்கவே வேண்டியிருந்தது. அங்கு போகாமல் நான் ஊர் திரும்பியதில்லை.

பாலத்தை அரித்தது புயலல்ல, மேல்தளத்தின் வழியே தூண்களுக்குள் இறங்கிய மழைநீர். 1980-களில், செப்பனிடப் பெருந்தொகை ஆகும் என்று காரணம் சொல்லி, பாலம் இருக்கும் செட்டில்–கார்லைல் பாதையையே மூடப் பார்த்தது பிரிட்டிஷ் ரயில் நிறுவனம். 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபனைகள் குவிந்தன. அவற்றில் ஒன்று, அந்த வண்டியில் டிக்கெட்டோடு பயணம் செய்துவந்த ஒரு நாயின் பாதத்தடம்! ஒரு வளைவைச் சோதனையாகப் பழுதுபார்த்தபோது, சொன்ன அளவு செலவாகாது என்றும் தெரிந்தது. 1989 ஏப்ரலில், அமைச்சர் மைக்கேல் போர்ட்டிலோ பாதை மூடப்படாது என்று அறிவித்தார். மேல்தளத்தில் நீர் புகாத காப்பு போடப்பட்டது.

இன்று அது இரண்டாம் நிலை நட்சத்திரத் தகுதி பெற்ற பாரம்பரியச் சின்னம். குடிசைகள் இருந்த நிலமும் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் சேர்த்தால் கல்லை மட்டும் காப்பாற்றலாம். ஆட்சேபித்த மக்கள் கேட்டது ரயிலை. ரயில் ஓடியதால்தான் பாலத்தைப் பராமரிக்க ஆளும் பணமும் வந்தன என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டியில் உட்கார்ந்தபடி கடந்துபோனால் பாலம் முழுதாகத் தெரியாது. ரிபிள்ஹெட்டில் இறங்கி, வளைவுகளுக்கு அடியில் நடந்து பாருங்கள்.